நூறு ரூபாய் வெள்ளியும் ஒரு ரூபாய்த் தரகும்

வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் எனக்குக் குறுஞ்செய்திகள் வரத் தொடங்கிவிடும். விளையாட்டுப் போட்டிகளுக்காக வெளியிடப்பட்ட வெள்ளி நாணயங்கள் என்னிடம் இருப்பது நண்பர்களுக்குத் தெரியும். "இன்னும் வைத்திருக்கிறாயா? இப்போது விற்றால் எவ்வளவு வரும்?" என்று கேட்பார்கள். வழக்கமாக ஒரு சிரிப்புக்குறியோடு அந்தப் பேச்சை முடித்துக்கொள்வேன். இம்முறை விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. டெல்லியில் ஆய்வு மாணவராக இருக்கும் எனக்கு ஏழு மாதங்களாக உதவித்தொகை வரவில்லை. ஆகவே அந்தக் கேள்வியை நண்பர்களுக்கு முன்பே நான் என்னிடம் கேட்டுவிட்டேன். விடை தேடியதில் நாணயங்களைப் பற்றியும், நாம் 'ஆவணம்' என்று சொல்லிக்கொள்வதைப் பற்றியும் சில எண்ணங்கள் எழுந்தன. வரலாறும் சமூக அறிவியலும் பயிலும் நண்பர்களுக்குப் பயன்படலாம் என்பதால் அவற்றைப் பதிவு செய்கிறேன்.

முதலில் கணக்கு. என்னிடம் இருந்தவை 17 வெள்ளி நாணயங்கள். ஹெல்சின்கி 1, டோக்கியோ 1, மியூனிக் 6, மாண்ட்ரியல் 4, மாஸ்கோ 2, லாஸ் ஏஞ்சலஸ் 1, 2006ஆம் ஆண்டு ஜெர்மனியில் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்துக்கு வந்த பத்து யூரோ 1, டெல்லி ஆசிய விளையாட்டு 1. இவற்றில் அடங்கிய தூய வெள்ளி மொத்தம் ஏறக்குறைய 320 கிராம். பெரிய சேகரிப்பாளர்கள் இதைச் சேகரிப்பு என்றே ஒப்பமாட்டார்கள். தங்கம் ஒன்றுகூட இல்லை. டெல்லி நாணயம் மாமா கொடுத்தது. மற்றவை நாணயக் கண்காட்சிகளில் நானே பத்து ஆண்டுகளில் ஒவ்வொன்றாக வாங்கியவை.

நினைவு நாணயம் ஒரு விசித்திரமான பொருள். அதற்கு ஒரே நேரத்தில் மூன்று மதிப்புகள் உண்டு. அரசு அதன்மேல் பொறித்துத் தரும் முகமதிப்பு முதலாவது. தராசு சொல்லும் உலோக மதிப்பு இரண்டாவது. அதை விரும்பித் தேடும் இன்னொருவர் கொடுக்கத் தயாராக இருக்கும் தொகை மூன்றாவது. அன்றாட நாணயத்தில் முதல் மதிப்பு மட்டுமே கண்ணில் படும். மற்ற இரண்டையும் நாம் நினைப்பதேயில்லை. நினைவு நாணயத்திலோ அந்த முதல் மதிப்பு பெரும்பாலும் ஒரு சட்டப் புனைவு. 2012 லண்டன் ஒலிம்பிக்ஸுக்குப் பிரிட்டன் ஒரு கிலோ எடையுள்ள தங்க நாணயத்தை வெளியிட்டது. அதன் முகமதிப்பு 1,000 பவுண்டு. ஒரு கிலோ தங்கத்தின் விலை அதைப்போல் பல மடங்கு. அந்த நாணயத்தைக் கடையில் நீட்டி ஆயிரம் பவுண்டுக்குச் சாமான் வாங்குபவர் எவரும் இருக்க முடியாது. ஆனாலும் அந்த எண் அங்கே இருந்தாக வேண்டும். அது இல்லையென்றால் அந்தப் பொருள் நாணயம் ஆகாது, பதக்கமாகிவிடும். இந்தியாவின் 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டமும் நினைவு நாணயத்தை ஒரு குறிப்பிட்ட நிகழ்வை நினைவுகூர அரசு வெளியிடும், இந்திய நாணய மதிப்பில் குறிக்கப்பட்ட நாணயம் என்றே வரையறுக்கிறது. நினைவைச் சுமப்பது மட்டும் போதாது, அரசின் வாக்குறுதியையும் சுமக்க வேண்டும்.

விளையாட்டுக்கும் நாணயத்துக்கும் உள்ள உறவு பழையது. ஒலிம்பியாவின் திருவிழாவை நடத்திய எலிஸ் நகரம் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டிலேயே ஜீயஸின் கழுகைப் பொறித்த வெள்ளிக் காசுகளை அடித்தது. மாசிடோனியாவின் இரண்டாம் பிலிப் கி.மு. 356இல் தன் குதிரை ஒலிம்பியாவில் வென்றதும் குதிரையையும் அதன்மேல் இருந்த இளைஞனையும் வெள்ளிக் காசில் இடம்பெறச் செய்தான். பந்தய வெற்றிகளை அவன் நாணயத்தில் பொறித்துப் பெருமை கொண்டதைப் புளூட்டார்க்கும் குறிப்பிடுகிறார். அதே ஆண்டு பிறந்த அவனுடைய மகனே அலெக்சாண்டர். எனவே 'விளையாட்டில் அரசியலைக் கலக்காதீர்கள்' என்று இன்று யாராவது சொல்லும்போது எனக்கு அந்தக் குதிரைதான் நினைவுக்கு வரும்.

நவீன ஒலிம்பிக்ஸில் இந்த மரபு தாமதமாகவே தொடங்கியது. 1952 ஹெல்சின்கி விளையாட்டுக்குப் பின்லாந்து வெளியிட்ட 500 மார்க்கா நாணயமே நவீன ஒலிம்பிக்ஸின் முதல் நினைவு நாணயம். 12 கிராம் எடை, அதில் பாதி வெள்ளி. ஒரு பக்கம் ஐந்து வளையங்கள். மறுபக்கம் மதிப்பும் அதைச் சுற்றி ஒரு மாலையும். சோவியத் ஒன்றியத்துக்குச் செலுத்த வேண்டிய போர் இழப்பீட்டைப் பின்லாந்து கட்டி முடித்த ஆண்டும் 1952தான். அந்தச் சிறிய நாணயத்தில் ஆடம்பரம் எதுவும் இல்லாதது எனக்கு அந்த நாட்டின் அன்றைய நிலையைச் சொல்வதாகவே தோன்றும். 1964இல் டோக்கியோ வெளியிட்ட 1,000 யென் நாணயத்தின் மனநிலை வேறு. 20 கிராம், 92.5 விழுக்காடு வெள்ளி, ஃபூஜி மலையும் செர்ரி மலர்களும். ஒன்றரைக் கோடி நாணயங்கள் அடிக்கப்பட்டன. முகமதிப்புக்கே மக்களுக்குக் கிடைத்தன. போரில் எரிந்த நகரம் தன் மக்களின் கையில் ஒரு வெள்ளித் துண்டைக் கொடுத்து 'நாம் எழுந்துவிட்டோம்' என்று சொன்ன தருணம் அது.

என் சேகரிப்பில் அதிகமாக இருந்தவை மியூனிக்கின் பத்து மார்க் நாணயங்கள். அவற்றுக்குக் காரணம் உண்டு. 1972 மியூனிக் ஒலிம்பிக்ஸுக்கு மேற்கு ஜெர்மனி ஆறு வெளியீடுகளாக மொத்தம் 10 கோடி நாணயங்களை அடித்தது. ஒவ்வொன்றும் 15.5 கிராம், வெள்ளி 62.5 விழுக்காடு. அதாவது ஒரு நாணயத்தில் பத்து கிராமுக்கும் குறைவான வெள்ளி. முகமதிப்போ பத்து மார்க். உலோகத்துக்கும் அடிக்கும் செலவுக்கும் போக எஞ்சியது அரசின் வருவாய். விளையாட்டுக்கான செலவில் கணிசமான பகுதி இப்படித்தான் திரட்டப்பட்டது. வரி என்ற சொல்லை உச்சரிக்காமல் மக்களிடம் பணம் பெறும் இந்த வழியைப் பின்னால் வந்த நாடுகளெல்லாம் கற்றுக்கொண்டன.

மியூனிக் நாணயங்களில் இன்னொரு பாடமும் இருக்கிறது. முதல் வெளியீட்டில் விளையாட்டு 'ஜெர்மனியில்' நடப்பதாகப் பொறிக்கப்பட்டிருந்தது. ஜெர்மனி என்ற பெயர் தமக்கு மட்டுமே உரியது என்று மேற்கு ஜெர்மனி சொல்லிக்கொள்வதாகக் கிழக்கு அணி நாடுகள் எதிர்ப்புத் தெரிவித்தன. ஒலிம்பிக்ஸ் ஒரு நாட்டுக்கு அல்ல, ஒரு நகரத்துக்கே வழங்கப்படுகிறது என்பது வாதம். பிந்தைய வெளியீடு 'மியூனிக்கில்' என்று மாறியது. இரண்டு நாணயங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் பனிப்போரின் ஒரு முழு அத்தியாயம் ஒரே ஒரு சொல்லில் அடங்கியிருப்பது தெரியும். முதுகலை மாணவர்களுக்கு ஒருமுறை வகுப்பு எடுத்தபோது இந்த இரண்டையும் கையில் கொடுத்துச் சுற்றவிட்டேன். பாடநூலின் நாற்பது பக்கங்கள் செய்யாததை அவை அந்த ஒரு மணி நேரத்தில் செய்தன.

1976 மாண்ட்ரியலுக்குக் கனடா 28 வகையான வெள்ளி நாணயங்களை வெளியிட்டது. ஐந்து டாலரில் பதினான்கு, பத்து டாலரில் பதினான்கு, எல்லாம் 92.5 விழுக்காடு வெள்ளி. நூறு டாலர் தங்க நாணயங்கள் தனி. நாணய விற்பனையாலும் லாட்டரியாலும் விளையாட்டு தன் செலவைத் தானே ஈட்டிக்கொள்ளும் என்று நகரத் தலைமை நம்பியது, நம்பவும் வைத்தது. நடந்தது வேறு. அந்த விளையாட்டின் கடனைக் கட்டி முடிக்க 2006ஆம் ஆண்டு ஆயிற்று. ஆனால் நாணயத்துக்குள் இருந்த வெள்ளி தன் கணக்கைத் தனியாக நடத்திக்கொண்டிருந்தது. 1980 சனவரியில் வெள்ளி விலை அவுன்ஸுக்கு 50 டாலரை நெருங்கியது. பத்து டாலர் நாணயத்தில் ஏறக்குறைய 45 கிராம் தூய வெள்ளி உண்டு. அந்த நாள்களில் அதன் உலோகம் மட்டும் 70 டாலருக்கு மேல் பெறுமானம் உள்ளதாக இருந்தது. அதே ஆண்டு மார்ச் இறுதிக்குள் விலை சரிந்துவிட்டது. உலோக மதிப்பு நிலையானது, முகமதிப்பு வெறும் பொறிப்பு என்று எண்ணுபவர்கள் அந்த மூன்று மாதங்களை நினைத்துக்கொள்வது நல்லது. இரண்டுமே மனிதர்கள் ஒருவர்மேல் ஒருவர் வைக்கும் நம்பிக்கையின் வடிவங்கள்தாம்.

1980 மாஸ்கோவுக்காகச் சோவியத் அரசு 1977 முதலே நாணயங்களை வெளியிட்டது. 28 வெள்ளி, 6 தங்கம், 5 பிளாட்டினம், இவற்றோடு செம்பு நிக்கல் கலவையில் ஆறு ஒரு ரூபிள் நாணயங்கள். முதலாளியத்தை மறுத்த அரசு, முதலாளிய நாடுகளின் சேகரிப்பாளர்களிடம் அந்நியச் செலாவணி ஈட்டுவதற்காகப் பிளாட்டினம் அடித்தது என்பதை எந்தப் பொருளாதார நூலைவிடவும் அந்தப் பட்டியல் தெளிவாகச் சொல்கிறது. ஆப்கானிஸ்தானுக்குள் படைகள் நுழைந்த பிறகு அமெரிக்காவும் வேறு பல நாடுகளும் விளையாட்டைப் புறக்கணித்தன. இந்தியா கலந்துகொண்டது. சென்னையைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் ஹாக்கியில் தங்கம் வென்றது; அதற்குப் பிறகு இன்றுவரை ஒலிம்பிக் ஹாக்கியில் நமக்குத் தங்கம் இல்லை.

1984 லாஸ் ஏஞ்சலஸுக்கான நாணயங்களைத் தனியார் நிறுவனங்கள் வழியே விற்கலாம் என்ற திட்டம் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு வந்தது. ஃபிராங்க் அனுன்சியோ என்ற உறுப்பினர் அதைக் கடுமையாக எதிர்த்தார். முடிவில் அரசு நாணயச்சாலையே நேரடியாக விற்றது. ஒவ்வொரு வெள்ளி டாலருக்கும் 10 டாலர், ஒவ்வொரு தங்க நாணயத்துக்கும் 50 டாலர் கூடுதல் கட்டணமாக விளையாட்டு அமைப்புகளுக்குச் சென்றது. அப்படித் திரண்ட தொகை 73 மில்லியன் டாலருக்கு மேல். 1933க்குப் பிறகு அமெரிக்கா அடித்த முதல் தங்க நாணயம் இந்த விளையாட்டுக்கான பத்து டாலர்தான். இப்படிப் பார்த்தால் ஒவ்வொரு விளையாட்டு நாணயத்தின் பின்னாலும் ஒரே கேள்விதான் நிற்கிறது: இந்தத் திருவிழாவின் செலவை யார் தாங்குவது? நாணயத்தை விரும்பி வாங்குபவர் தாங்குவார் என்பது அரசுகள் சொல்லும் விடை. அந்த விடை எவ்வளவு முழுமையற்றது என்பதை எனக்குக் கற்பித்தது டெல்லி நாணயம்.

ஒன்பதாவது ஆசிய விளையாட்டு 1982 நவம்பர் 19 முதல் டிசம்பர் 4 வரை டெல்லியில் நடந்தது. அதற்காக இந்திய அரசு வெளியிட்ட நூறு ரூபாய் நாணயம் 35 கிராம் எடை கொண்டது. வெள்ளி 50 விழுக்காடு, செம்பு 40, நிக்கல் 5, துத்தநாகம் 5. ஒரு பக்கம் அசோகர் தூணின் சிங்கங்கள்; மறுபக்கம் ஜந்தர் மந்தரை அடியொற்றிய விளையாட்டுச் சின்னம். மாமா அப்போது ராமகிருஷ்ணபுரத்தில் அரசுக் குடியிருப்பில் இருந்த நடுவண் அரசு எழுத்தர். பம்பாய் நாணயச்சாலைக்கு வரைவோலை அனுப்பி, மாதக்கணக்கில் காத்திருந்து அதைப் பெற்றதாகச் சொல்வார். அந்த நாள்களின் டெல்லியைப் பற்றி அவர் சொல்லும்போது வண்ணத் தொலைக்காட்சியும், யானைக்குட்டி அப்புவும், இரண்டு வெள்ளிப் பதக்கங்கள் வென்ற பி.டி. உஷாவும் கட்டாயம் வருவார்கள். அந்த நாணயத்தை நான் பல ஆண்டுகள் அந்தப் பேச்சின் வழியாகவே பார்த்தேன். ஒரு நாடு தன்னைப் பெரிதாக உணர்ந்த தருணத்தின் நினைவாக அது இருந்தது.

ஆய்வுக்காகத் தொழிலாளர் சட்ட வழக்குகளைப் படிக்கத் தொடங்கியபோது அதே ஆண்டின் இன்னொரு ஆவணம் என் மேசைக்கு வந்தது. மக்கள் ஜனநாயக உரிமைகள் ஒன்றியம் எதிர் இந்திய ஒன்றியம். 1982 செப்டம்பர் 18 அன்று, அதாவது விளையாட்டு தொடங்குவதற்கு இரண்டு மாதங்கள் முன்பு, உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு. சட்ட மாணவர்கள் அனைவரும் இதைப் படித்திருப்பார்கள். 'ஆசியாட் தொழிலாளர் வழக்கு' என்ற பெயரில் பொதுநல வழக்குகளின் வரலாற்றில் அதற்கு நிலையான இடம் உண்டு. ஆனால் அந்தத் தீர்ப்பை நாணயச் சேகரிப்பாளராகப் படிப்பது வேறு அனுபவம்.

மூன்று சமூக அறிவியலாளர்கள் கட்டுமானக் களங்களைப் பார்வையிட்டு ஓர் அறிக்கை எழுதினார்கள். அதை அடிப்படையாகக் கொண்டு நீதிபதி பி.என். பகவதிக்கு எழுதப்பட்ட கடிதம் மனுவாக ஏற்கப்பட்டது. மேம்பாலங்கள், அரங்கங்கள், விளையாட்டு வீரர்கள் தங்கும் குடியிருப்பு ஆகியவற்றைக் கட்டியவர்கள் ஒப்பந்தக்காரர்கள் வழியே, நாட்டின் பல பகுதிகளிலிருந்து ஜமாதார்கள் என்ற இடைத்தரகர்களால் கொண்டுவரப்பட்டவர்கள். அன்றைய குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 9 ரூபாய் 25 காசு. ஒப்பந்தக்காரர் அதை ஜமாதாரிடம் கொடுப்பார். ஜமாதார் ஆளுக்கு ஒரு ரூபாய் தரகு எடுத்துக்கொள்வார். தொழிலாளியின் கைக்கு வருவது 8 ரூபாய் 25 காசு. பெண்களுக்கு 7 ரூபாய்தான் கொடுக்கப்பட்டது. பதினான்கு வயது நிரம்பாத சிறுவர்களும் வேலையில் இருந்தார்கள்.

குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகப் பெற்றுக்கொண்டு உழைப்பது, அரசியலமைப்பின் 23ஆவது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று நீதிமன்றம் சொன்னது. சங்கிலியும் சாட்டையும் இருந்தால்தான் கட்டாயம் என்பதில்லை. பசியும் வறுமையும் வேறு வழியில்லாமல் ஒருவரை அந்தக் கூலிக்கு இணங்கவைக்குமானால் அதுவும் கட்டாயமே. கட்டுமான வேலை ஆபத்தானது என்பதால் பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்டவரை அதில் அமர்த்துவதை 24ஆவது பிரிவு நேரடியாகவே தடுக்கிறது என்றும் அந்தத் தீர்ப்பு கூறியது.

அன்றிரவு நான் செய்த கணக்கு எளியது. நூறு ரூபாய் என்பது, தரகு பிடிக்கப்படாத முழுக் கூலியில்கூட, ஏறக்குறைய பதினொரு நாள் உழைப்பு. ஏழு ரூபாய் பெற்ற பெண்ணுக்குப் பதினான்கு நாளுக்கும் மேல். ஜமாதார் ஒரு தொழிலாளியிடம் எடுத்த தரகு நூறு நாளில் நூறு ரூபாய் ஆகும். அதாவது மூன்று மாதம் பத்து நாளில் ஒரு தொழிலாளியிடமிருந்து அந்த நாணயத்தின் முகமதிப்பு முழுவதும் சத்தமில்லாமல் கழிக்கப்பட்டிருக்கும். 'விளையாட்டின் செலவை யார் தாங்குவது?' என்ற கேள்விக்கு இதுவும் ஒரு விடை. எந்த நாணயச்சாலையும் இதைப் பொறிப்பதில்லை.

2010இல் காமன்வெல்த் விளையாட்டு டெல்லிக்கு வந்தபோதும் நூறு ரூபாய் வெள்ளி நாணயம் வந்தது. கட்டுமானத் தொழிலாளர்களின் கூலியும் பாதுகாப்பும் மீண்டும் நீதிமன்றத்தின் முன் வந்தன. நாணயச் சேகரிப்பாளர்களின் விவரப் பட்டியல்களில் எடை, விட்டம், கலவை, வெளியீட்டு எண்ணிக்கை, நாணயச்சாலைக் குறி எல்லாம் இருக்கும். தீர்ப்பு நூல்களில் மனுதாரர், எதிர்மனுதாரர், சட்டப் பிரிவு எல்லாம் இருக்கும். ஒரே நகரம், ஒரே ஆண்டு, ஒரே கட்டடங்கள் என்றாலும் இந்த இரண்டு அலமாரிகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதே இல்லை. ஆய்வாளர்களாகிய நாமும் ஒன்றின் முன் நிற்கும்போது மற்றொன்றுக்கு முதுகைக் காட்டியே பழகியிருக்கிறோம்.

இனி, விற்பனை பற்றி. உதவித்தொகை நின்ற ஐந்தாவது மாதம் நாணயங்களை எடுத்துக்கொண்டு பழைய டெல்லியின் தரீபா கலான் தெருவுக்குப் போனேன். முகலாயர் காலம் முதல் வெள்ளி வணிகத்துக்குப் பேர்பெற்ற தெரு அது. அங்கே ஒரு வணிகர் நாணயங்களை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தார். பொறிப்பைப் பார்க்கவில்லை. மாண்ட்ரியல் நாணயங்களுக்கு மரியாதை கிடைத்தது. கனமானவை, தூய்மையும் அதிகம். மியூனிக்கின் இரண்டு சொற்களும் அவருக்கு ஒன்றே. டெல்லி நாணயத்தைக் கையில் எடுத்து, "இதில் பாதிதான் வெள்ளி" என்று இந்தியில் சொல்லிவிட்டு ஓரமாகத் தள்ளினார். அவர் சொன்னது உண்மை. 35 கிராமில் பதினேழரை கிராம்தான். நாணயத்தை உருக்குவதை நம் நாணயச் சட்டம் தடைசெய்கிறது. ஆயினும் எடைக்கு விலைபேசும் தராசின் முன் நிற்கும்போது உலை அதிகத் தொலைவில் இல்லை என்பது புரிந்துவிடும். அவரிடம் விற்காமல் திரும்பினேன்.

அதன் பிறகு சேகரிப்பாளர்களிடம் நேரடியாகப் பேசினேன். இவ்வழியில் போக நினைக்கும் மாணவர்களுக்குச் சில செய்திகள் பயன்படும். வெள்ளி நாணயத்தை எக்காரணம் கொண்டும் துலக்காதீர்கள். வீட்டுக் குத்துவிளக்கைத் திருநீற்றாலும் புளியாலும் பளபளப்பாக்கும் பழக்கம் நம் கையில் ஊறிக்கிடக்கிறது. காற்றிலுள்ள கந்தகம் வெள்ளிமேல் ஏற்றும் கருமை நாணயத்தின் வயதுக்குச் சான்று. துலக்கினால் நுண்ணிய கோடுகள் விழும், சேகரிப்போர் மதிப்பு பாதியாகும். விளிம்பைப் பிடித்தே எடுக்க வேண்டும். மலிவான பி.வி.சி. உறைகளில் வைத்தால் சில ஆண்டுகளில் பச்சைப் பிசுக்குப் படியும். நம் நாணயங்களில் செம்பு மிகுதி என்பதால் அவற்றுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல். வாங்கும்போது எடை, விட்டம், காந்தம் ஆகிய மூன்றையும் சோதியுங்கள். ஐயம் தீரவில்லையென்றால் நீரில் அமிழ்த்தி ஒப்படர்த்தி பாருங்கள். ஆர்க்கிமிடீஸ் நமக்கு இலவசமாக விட்டுச்சென்ற ஆய்வகம் அது. தூய வெள்ளிக்கு 10.49, கலவை மாறினால் எண்ணும் மாறும்.

மாண்ட்ரியல், மாஸ்கோ, லாஸ் ஏஞ்சலஸ் நாணயங்கள் எளிதாகப் போயின. மியூனிக்கில் நான்கை விற்று, சொல் மாறிய அந்த இரண்டை மட்டும் வகுப்புக்காக நிறுத்திக்கொண்டேன். இப்படியே மூன்று மாத வாடகையும் உணவுச் செலவும் வந்துவிட்டன. நான்காவது மாதம் நெருங்கியபோது டெல்லி நாணயத்தின் முறை வந்தது. அது மாமா கொடுத்தது என்பதால் அவரைக் கேட்காமல் முடிவெடுக்க மனம் ஒப்பவில்லை. இப்போது திருவரங்கத்தில் இருக்கும் அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். தீர்ப்பைப் பற்றியும் சொன்னேன். அந்த நாள்களில் அலுவலகம் போகும் வழியில் அந்தத் தொழிலாளர்களின் கூடாரங்களைத் தினமும் பார்த்திருக்கிறார். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "வெள்ளிய வெச்சுக்கிட்டுப் பட்டினி கிடன்னா உனக்குக் குடுத்தேன்? தாராளமா வித்துடு. கூட ஒரு நாலணா குடுத்தேனே, அதை மட்டும் யாருக்கும் குடுத்துடாதே" என்றார்.

அந்த நாலணாவை நான் மேலே 17இல் சேர்க்கவில்லை; அதில் வெள்ளி இல்லை. ஆசிய விளையாட்டுக்காக அரசு வெளியிட்ட செம்பு நிக்கல் 25 காசு அது. அதே ஜந்தர் மந்தர்ச் சின்னம். நூறு ரூபாய் நாணயம் சேகரிப்பாளர்களுக்காக உறையில் வந்தது. 25 காசோ புழக்கத்துக்கு வந்தது. மாமாவுக்கு அது டெல்லிப் பேருந்து ஒன்றில் சில்லறையாகக் கிடைத்தது. பொறிப்பு தேய்ந்திருக்கிறது, விளிம்பில் ஒரு வெட்டு. எந்தச் சேகரிப்பாளரும் அதைத் திரும்பிப் பார்க்கமாட்டார். 25 காசும் அதற்குக் கீழ்ப்பட்ட நாணயங்களும் 2011 சூன் 30 அன்று செல்லாதவை ஆகிவிட்டதால் முகமதிப்பும் இல்லை. மூன்று மதிப்புகளிலும் ஏறக்குறைய சுழியம்.

ஆனால் அந்தக் கூலியை மறுபடி பாருங்கள். ஒன்பது ரூபாய் இருபத்தைந்து காசு. தரகு போக எட்டு ரூபாய் இருபத்தைந்து காசு. எப்படிக் கணக்கிட்டாலும் கூலியின் வாலில் ஒரு நாலணா இருக்கிறது. விளையாட்டுச் சின்னம் பொறித்த நாலணா அந்த நகரத்தின் புழக்கத்தில் கலந்த பிறகு, அந்த அரங்கங்களைக் கட்டியவர்களின் கைக்கும் அது போயிருக்கக்கூடும். என்னிடம் இருப்பது அப்படிப்பட்ட கையைத் தொட்டதா என்று எந்த ஆய்வகமும் சொல்ல முடியாது. நானும் அப்படிக் கோரவில்லை. ஆனால் நூறு ரூபாய் வெள்ளி நாணயம் அவர்களுடைய கையை ஒருபோதும் தொட்டிராது என்று மட்டும் ஏறக்குறைய உறுதியாகச் சொல்ல முடியும். ஒரே சின்னத்தை ஏந்திய இரண்டு நாணயங்களில் எது அந்த விளையாட்டின் சிறந்த ஆவணம் என்று கேட்டால், விலைப்பட்டியல் ஒரு விடை சொல்லும். தீர்ப்பின் பக்கங்கள் வேறொரு விடை சொல்லும்.

வெள்ளி நாணயத்தைப் புனேயில் இருக்கும் ஓர் ஆசிரியருக்கு விற்றேன். எடைக்கு அல்ல, நாணயமாகவே வாங்கினார். பொதிந்து அனுப்பும்போது உறைக்குள் அந்தத் தீர்ப்பின் தேதியையும் கூலி எண்களையும் ஒரு தாளில் எழுதி வைத்தேன். பெற்றுக்கொண்டவர் அந்தத் தாளையும் நாணயத்தோடு சேர்த்தே தன் பெட்டியில் வைத்திருப்பதாக எழுதியிருந்தார். இரண்டு அலமாரிகளும் குறைந்தது ஒரு பெட்டிக்குள்ளாவது சந்தித்துக்கொண்டன.

நண்பர்களின் கேள்விக்கு விடை இதுதான்: ஆம், விற்றேன், நியாயமான விலை கிடைத்தது, ஹெல்சின்கியும் டோக்கியோவும் பத்து யூரோவும் மியூனிக்கின் அந்த இரண்டும் இன்னும் இருக்கின்றன, அடுத்த மாதமும் உதவித்தொகை வராவிட்டால் அவையும் போகும். உங்கள் வீட்டு அலமாரியில், தாத்தாவின் சில்லறை டப்பாவில் 1982ஆம் ஆண்டின் அந்த நாலணாவோ இரண்டு ரூபாயோ கிடந்தால் எடுத்துப் பாருங்கள். விலை விசாரிக்க வேண்டாம். அது யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் விசாரியுங்கள். அவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள். எந்த நாணயச்சாலையும் வெளியிடாத தொகுப்பு அது.